பராமரிப்பு நாளில் விடுபடும் பெட்டி

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்தவை இரண்டு: பட்டு, அரிசி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு ஊருக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் வீடுகளில் தறியிலிருந்து இறங்கித்தான் அது கடைகளுக்கு வருகிறது. கைத்தறி என்றால் மின்சாரம் வேண்டாம் என்ற காலம் மலையேறிவிட்டது. நூல் முறுக்கும் எந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும். தறியில் புடவையின் டிசைனை இயக்கிய துளை அட்டைக் கட்டுகளின் இடத்தைப் பிடித்துவரும் எலக்ட்ரானிக் ஜக்காடுக்கும் வேண்டும். அரிசி ஆலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. முகூர்த்தப் புடவையை விற்றுப் பணம் வாங்கும் ஸ்வைப் எந்திரத்துக்கோ கரண்டோடு நெட்வொர்க்கும் வேண்டும்.

அந்த நெட்வொர்க்கை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும் கருவிகளில் பொதுமக்கள் கண்ணிலேயே படாத ஒரு வகை உண்டு. வீட்டில் வைஃபை தரும் வெள்ளைப் பெட்டி அல்ல, தொழிலக ரவுட்டர். ஏடிஎம் அறையின் பின்பக்கம், துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை, குடிநீர் நீரேற்று நிலையம், செல்போன் கோபுரத்தின் அடிவாரம் போன்ற இடங்களில் இது இருக்கும். கத்திரி வெயிலில் தகிக்கும் தகரப் பெட்டிக்குள்ளும் வேலை செய்ய வேண்டும் என்பதால் இதற்கு விசிறி கிடையாது. உலோக உடம்பே வெப்பத்தை வெளியேற்றும். ஒன்றோ இரண்டோ சிம் கார்டு போடும் இடம், ஆண்டெனா மாட்டும் திருகுகள், பேட்டரியிலிருந்து நேர்மின்சாரம் வாங்கும் முனை, பழைய மீட்டர்களோடு பேச ஒரு சீரியல் போர்ட், மினுங்கும் சில பச்சை விளக்குகள். இவ்வளவுதான் வெளித்தோற்றம்.

பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் பெயர், வரிசை எண், எந்த வெப்பம்வரை தாங்கும், எத்தனை வோல்ட் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல பெட்டிகளில் முதன்முதலில் உள்ளே நுழைவதற்கான முகவரியும் கடவுச்சொல்லும்கூட அச்சாகியிருக்கும். உள்ளே ஓடும் மென்பொருள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. பெட்டியைத் தினமும் துடைத்து வைப்பவருக்குக்கூட அது தெரிய வழியில்லை.

அட்டை ஜக்காடில் ஒரு துளை தவறினால் கரையில் ஓடும் அன்னத்தின் கழுத்தில் ஒரு புள்ளி பிசகும். நெய்கிறவர் அடுத்த சில ஊடைகளுக்குள் அதைப் பார்த்துவிடுவார். ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள் பிழைக்கு அப்படிப்பட்ட துணி கிடையாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பிழைகளைப் பார்க்க முக்கியமான ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு முறை புதிய மென்பொருள் வரும்போதும் தயாரிப்பாளர் அதோடு ஒரு குறிப்பு வெளியிடுவார். அதில் புதிதாகச் சேர்த்தவை, சரிசெய்தவை என்று இரு பகுதிகள் இருக்கும். பெரும்பாலும் கடைசியில், சிறிய எழுத்தில், ‘தெரிந்த குறைகள்’ என்று மூன்றாவது பகுதி இருக்கும். விளம்பரத் தாளில் சொல்ல முடியாததையெல்லாம் நேர்மையாகச் சொல்லும் பக்கம் அது. மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே புதியதற்குத் தாவக் கூடாது, இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அது சொல்லும். ஒருமுறை ஏற்றிவிட்டால் பழையதற்குத் திரும்பும்போது அமைப்புகள் அழிந்துவிடும் என்று சொல்லும். செல்போன் கோபுரத்தோடு பேசும் உள் மோடத்துக்குத் தனி மென்பொருள், அதைத் தனியாகத்தான் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்லும்.

இந்தக் குறைகளில் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் அது மின்வெட்டோடு நேரடித் தொடர்புடையது. விலை குறைந்த பல ரவுட்டர்களுக்குள் கடிகாரத்தைக் காக்கும் தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் முழுமையாக நின்று திரும்பி வந்தால் அதன் கடிகாரம் பழைய ஏதோ ஒரு தேதியிலிருந்து தொடங்கும். சிலவற்றில் 1970 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்தே. தலைமையகத்தோடு பாதுகாப்பான சுரங்கப்பாதை (விபிஎன்) அமைத்துப் பேச, ரவுட்டர் ஒரு டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். சான்றிதழோ 2024இல் வழங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 1970இல் இருப்பதாக நினைக்கும் பெட்டி, ‘இது இன்னும் செல்லுபடியாகாத சான்றிதழ்’ என்று கதவைச் சாத்திவிடும். சரியான நேரத்தைக் கேட்டு வாங்கலாம் என்றால், நேரம் தரும் சர்வர் அதே சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உள்ளே போனால்தான் நேரம் தெரியும். நேரம் தெரிந்தால்தான் உள்ளே போகலாம். கரண்ட் வந்தும் தொடர்பு வராத இந்த முடிச்சை அவிழ்ப்பது எளிது: நேரத்தைச் செல்போன் கோபுரத்திலிருந்து எடுத்துக்கொள் என்று ஓர் அமைப்பை மாற்றினால் போதும். ஆனால் குறிப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்தவருக்குத்தான் அந்த அமைப்பு இருப்பதே தெரியும். படிக்காத ஊரில் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய் நிற்க வேண்டும்.

தொடர்பு அறுந்துபோவது ஒரு வகைத் தொல்லை. வேண்டாதவர் உள்ளே வந்துவிடுவது இன்னொரு வகை. இந்தியா இரண்டாவதைப் பெரிய அளவில் பார்த்தது 2017 ஜூலையில். பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் மோடம்களை ஒரு தீநிரல் தாக்கியது. 60,000க்கு மேற்பட்ட மோடம்கள் செயலிழந்ததாக அப்போது செய்திகள் வந்தன. தாக்குதலுக்கு நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை, தொலைவிலிருந்து பராமரிக்கும் வழி இணையம் முழுவதற்கும் திறந்து கிடந்தது, அவ்வளவுதான். கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் மோடம் பொருத்தப்பட்ட அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்த ஆண்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்களுக்கு வந்தது சோதனை. நம் ஊர்களில் இணையம் தரும் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கும் பழக்கமான கருவி அது. ஓட்டை தெரிந்ததும் 2018 ஏப்ரலிலேயே நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டுவிட்டது. ஆகஸ்டில், திருத்தத்தை ஏற்றாத ரவுட்டர்கள் பிரேசிலில் லட்சக்கணக்கில் பிடிபட்டன. அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகள், அவர்களுக்கே தெரியாமல் யாரோ ஒருவருக்கு மெய்நிகர் நாணயம் தோண்டிக்கொண்டிருந்தன. சில மாதங்களில் இந்தியாவிலும் அதே கதை. மருந்து கடைக்கு வந்த பிறகும் நோய் பரவியதற்குக் காரணம், வாங்கிக் கொடுக்க வேண்டியவர் யார் என்று எங்கும் எழுதி வைக்கப்படாததுதான்.

தொழிலக ரவுட்டர்கள் இதைவிட உறுதியானவை என்று ஒரு நம்பிக்கை உண்டு. வெயிலைத் தாங்குவதில் உறுதிதான், மென்பொருளில் அப்படியில்லை. மின்துறையும் போக்குவரத்தும் பயன்படுத்தும் சியரா வயர்லெஸ் ரவுட்டர்களில் 21 பலவீனங்களை ஃபோர்ஸ்கவுட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் வெளியிட்டார்கள். இணையத்தில் வெளிப்படையாகத் தெரிந்த அந்த வகை ரவுட்டர்கள் 86,000க்கும் மேல். 2019 முதலே அறியப்பட்டிருந்த பழைய ஓட்டைகளுக்கான திருத்தத்தை ஏற்றியதாக உறுதிசெய்ய முடிந்தவை அவற்றில் 10 சதவீதத்துக்கும் குறைவு. மைல்சைட் என்ற இன்னொரு தொழிலக ரவுட்டரில், பதிவுக் கோப்பிலிருந்தே கடவுச்சொல்லை எடுத்துவிடலாம் என்பது 2023இல் தெரியவந்தது. குறுஞ்செய்தி அனுப்பும் வசதி கொண்ட அந்த ரவுட்டர்களைப் பயன்படுத்தி, ஐரோப்பியப் பொதுமக்களுக்கு மோசடிக் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருப்பதை 2025இல் செகோயா என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். ஏதோ ஓர் ஆலையின் மீட்டரைக் கவனிக்கப் போட்ட சிம் கார்டு, முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வலை வீசிக்கொண்டிருக்கிறது.

மின்கட்டமைப்பைப் பொறுத்தவரை தமிழ்நாடு இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 2021 பிப்ரவரி இறுதியில் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, சீனாவோடு தொடர்புடைய ஒரு குழு குறிவைத்த இந்திய மின்துறை, துறைமுக அமைப்புகளைப் பட்டியலிட்டது. தென்மாநிலங்களின் மின்பகிர்வைச் சீராக்கும் தென்மண்டலச் சுமை அனுப்பு மையமும் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் அதில் இருந்தன. பாதிப்பு எதுவும் இல்லை என்று மின்துறை அமைச்சகம் சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே நிறுவனம் வெளியிட்ட இன்னோர் அறிக்கை வடஇந்தியச் சுமை மையங்களைப் பற்றியது. தாக்குதல்காரர்கள் தங்கள் கட்டளைகளைக் கடத்தப் பயன்படுத்தியவை, இணையத்தில் திறந்து கிடந்த கண்காணிப்புக் கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும். பெரிய அரண்மனைக்குள் நுழைய அவர்கள் தேடுவது, யாருடைய பொறுப்பிலும் இல்லாத சிறு பெட்டிகளைத்தான்.

யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் ஒரு பெட்டி எப்படி இருக்க முடியும்? இதற்குத் தெளிவான பதில் டென்மார்க்கிலிருந்து வருகிறது. 2023 மே மாதம் அங்கே 22 எரிசக்தி நிறுவனங்கள் தாக்கப்பட்டன. வாயிலில் இருந்தவை சைக்செல் நிறுவனத்தின் ஃபயர்வால்கள். அவற்றின் ஓட்டைக்கான திருத்தம் ஏப்ரல் 25ஆம் தேதியே வெளியாகியிருந்தது. உடனே ஏற்றுங்கள் என்று செக்டர்செர்ட் என்ற அந்நாட்டு அமைப்பு எச்சரித்தும் இருந்தது. மே 11ஆம் தேதி 16 நிறுவனங்கள் ஒரே நேரத்தில் குறிவைக்கப்பட்டன. 11 நிறுவனங்களில் தாக்குதல்காரர்கள் உடனே உள்ளே நுழைந்தார்கள். சில நிறுவனங்கள் இணையத்திலிருந்து தங்களைத் துண்டித்துக்கொண்டு தனித்தீவாக இயங்க வேண்டியதாயிற்று.

பின்னர் வந்த அறிக்கையில், திருத்தம் ஏன் ஏற்றப்படவில்லை என்பதற்கு நிறுவனங்கள் சொன்ன காரணங்கள் இருந்தன. பெட்டி புதிது, ஆகவே மென்பொருளும் புதிதாகத்தான் இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். விற்றவர் பார்த்துக்கொள்வார் என்று சிலர் நினைத்தார்கள். ஏற்றித் தர விற்பனையாளர் கேட்ட கூலி அதிகம் என்று சிலர் விட்டுவிட்டார்கள். இன்னும் சிலருக்கோ அப்படி ஒரு பெட்டி தங்கள் கட்டடத்தில் இருப்பதே தெரியாது. வேறு ஏதோ கருவியைப் பொருத்த வந்தவர்கள் சொல்லாமல் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த நான்கு பதில்களையும் தமிழ்நாட்டின் எந்த நகராட்சி அலுவலகத்திலும், எந்தக் கூட்டுறவு வங்கிக் கிளையிலும், எந்த ஆலையிலும் அட்சரம் பிசகாமல் கேட்கலாம். வசதியும் படிப்பும் மிகுந்த ஒரு நாட்டிலேயே இப்படித்தான் என்றால், கோளாறு படிப்பில் இல்லை, ஒப்பந்தம் எழுதும் முறையில் இருக்கிறது.

அதே சமயம், அப்டேட் என்றாலே பயப்படும் பொறியாளரைக் கோழை என்று ஒதுக்க முடியாது. 2022 ஜூலை 8ஆம் தேதி கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுக்க விழுந்தது. டொரண்டோ ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகளில் அட்டை தேய்க்க முடியவில்லை என்பது அதன் சிறிய விளைவு. அவசர உதவி எண்ணை அழைக்க முடியாமல் பலர் தவித்தார்கள். காரணம் எந்த எதிரியும் இல்லை. ஏழு கட்டங்களாகத் திட்டமிட்ட ஒரு மேம்படுத்தலின் ஆறாவது கட்டத்தில், ரவுட்டர் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. உடனே மைய ரவுட்டர்களுக்குள் தாங்க முடியாத அளவு தகவல் பாய்ந்து அவை முடங்கின. சரிசெய்ய வேண்டிய ஊழியர்களின் போன்களும் அதே ரோஜர்ஸ் சிம்மில் இருந்ததால் ஒருவரையொருவர் கூப்பிடக்கூட முடியவில்லை. அப்டேட் ஏற்றுபவர் சட்டைப்பையில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று இருக்க வேண்டும் என்ற மிக எளிய பாடத்தை அந்த நாள் கற்றுத் தந்தது.

மேம்படுத்தும் வசதியே ஆயுதமான கதையும் உண்டு. 2015 டிசம்பர் 23ஆம் தேதி உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள் சுவிட்சுகளைத் திறந்து சுமார் 2,25,000 இணைப்புகளை இருட்டாக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. துணைமின் நிலையங்களில் பழைய கருவிகளையும் நெட்வொர்க்கையும் இணைத்த சிறு பெட்டிகளுக்குள் கெட்ட ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருளை) ஏற்றி அவற்றை வெறும் செங்கல்லாக்கினார்கள். ஏற்றப்படும் மென்பொருள் தயாரிப்பாளருடையதுதானா என்று கையொப்பம் பார்க்கும் பழக்கம் அந்தப் பெட்டிகளுக்கு இல்லை. கடைசியில் ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் சுவிட்சைப் போட்டுத்தான் சில மணி நேரத்தில் மின்சாரத்தைத் திருப்பினார்கள். கையால் இயக்கத் தெரிந்தவர்கள் இன்னும் வேலையில் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஏற்றாவிட்டால் ஆபத்து, தப்பாக ஏற்றினாலும் ஆபத்து. ஆகவே ஏற்றுவதற்கென்று ஒரு நாளும் ஓர் ஆளும் ஒரு வழிமுறையும் வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நாள் ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல்வரை மின்விநியோகம் நிறுத்தப்படும் என்று தெருக்களின் பெயர்களோடு நாளிதழில் வரும் அறிவிப்பை இங்கே எல்லோரும் மதிக்கிறார்கள். அன்றைக்குத் தறிக்காரர் பாவு பிணைக்கும் வேலையை வைத்துக்கொள்வார். ஆலைக்காரர் எந்திரத்துக்கு எண்ணெய் விடுவார். திட்டமிட்டு நிறுத்தினால் திட்டமிடாமல் நிற்பது குறையும் என்பதை இந்த மக்கள் பல ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கம்பிகளில் உரசும் வேப்பங்கிளையை வெட்டுவதும் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைப் பார்ப்பதும் அன்றைய வேலைகள். ரவுட்டரின் மென்பொருளைப் பார்ப்பதும் அதே பட்டியலில் சேர வேண்டும்.

தொழில்நுட்ப ரீதியாகவும் அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வெளியே கம்பிகளில் மின்சாரம் இருக்காது; கட்டுப்பாட்டு அறையின் ரவுட்டரோ நிலைய பேட்டரியில் உயிரோடு இருக்கும். ஊழியர்கள் நேரில் இருப்பார்கள். புதிய மென்பொருள் மக்கர் செய்தால், அந்த மின்பாதையில் பாதிக்கப்பட யாரும் இல்லை. போவதற்கு முன் பழைய அமைப்பைப் பென் டிரைவில் எடுத்து வைப்பது, அதே அமைப்போடு ஒரு மாற்று ரவுட்டரைப் பையில் வைத்திருப்பது, குறிப்பின் கடைசிப் பக்கத்தை முந்தைய நாளே படித்துவிடுவது ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பிற்பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடியக்கூடிய வேலை.

எல்லாப் பெட்டிக்கும் இது பொருந்தாது. சியரா வயர்லெஸ் ஆய்வில், ஒரு குறிப்பிட்ட நிர்வாக வழியைத் திறந்து வைத்திருந்த கருவிகளில் 90 சதவீதம் ஆயுள் முடிந்தவை. அவற்றுக்குத் திருத்தமே வராது. ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர் 25, 30 ஆண்டு உழைக்கும். அதன் பக்கத்தில் மாட்டிய ரவுட்டருக்குத் தயாரிப்பாளர் மென்பொருள் தருவது பெரும்பாலும் அதில் மூன்றிலொரு பங்கு காலம்கூட இருக்காது. திருத்தம் நின்றுபோன பெட்டியை மாற்றும்வரை அதை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைக்கலாம். கடையில் வாங்கும் சாதாரண சிம்முக்குப் பதில், செல்போன் நிறுவனம் தரும் தனி ஏபிஎன் (மூடிய தனி வலையமைப்புக்கான) சிம்மைப் போட்டால் அந்தப் பெட்டிக்குப் பொது இணையத்திலிருந்து கதவே இருக்காது. மோட்பஸ் போன்ற பழைய தொழிலக நெறிமுறைகளுக்கு இது இன்னும் அவசியம். 1979இல் பிறந்த மோட்பஸ், கட்டளையிடுபவர் யார் என்று கேட்கும் வழக்கம் இல்லாதது. யார் சொன்னாலும் கேட்கும்.

சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு மின் அமைப்பிலும் இதற்கென ஓர் அதிகாரி வேண்டும் என்கின்றன. பழைய அமைப்புகளைப் படிப்படியாக விலக்குவது பற்றியும் பேசுகின்றன. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஆனால் ஆரணி அளவிலான ஊரில் முடிவு உருவாகும் இடம் டெண்டர் தாள்தான். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற முறையில், ஐந்தாவது ஆண்டு அப்டேட்டுக்கும் சேர்த்து விலை போட்டவர் தோற்றுவிடுவார். டெண்டரே அதைக் கேட்டால் எல்லோரும் சேர்த்துப் போடுவார்கள். இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளுக்கு எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதை அறிவிக்காமல் விற்கக் கூடாது என்று பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் விதித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும். அதன்படி பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு ஆதரவு தர வேண்டும். அதே தயாரிப்பாளர்கள்தாம் இங்கேயும் விற்கிறார்கள். அங்கே எழுதிக் கொடுப்பதை இங்கேயும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்க நமக்கு எந்தத் தடையும் இல்லை.

கேட்பதற்கு இதுவே சரியான தருணம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் தான்ஃபிநெட் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் இழை முடியும் இடத்தில் நெட்வொர்க் கருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வரும்போது, மீட்டரின் பேச்சைத் தொகுத்து அனுப்பும் கருவிகள் தெருத்தெருவாக வரும்.

முதல் வேலை கணக்கெடுப்பு. டென்மார்க்கில் சிலர் மாட்டிக்கொண்டது, இருப்பதே தெரியாத பெட்டியால். ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. நகராட்சியும் மின்வாரியமும் தண்ணீர்த் துறையும் அனுமதித்தால், அங்கே படிக்கும் மாணவர்கள் ஒரு பருவத் திட்டப்பணியாகவே ஊரின் எல்லாப் பெட்டிகளையும் பதிவேட்டில் ஏற்றிவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஐந்து கட்டங்கள் போதும்: இருக்கும் இடம், மாடல், உள்ளே ஓடும் மென்பொருளின் பதிப்பு, தயாரிப்பாளர் திருத்தம் தருவதை நிறுத்தும் தேதி, அப்டேட் ஏற்ற வேண்டியவரின் பெயரும் போன் நம்பரும்.